கோப்பு இருந்தது, கைக்கு வரவில்லை: ஒரு திருப்பூர் பனியன் கம்பெனியின் பொது டிரைவ் பற்றிய நிகழ்வு ஆய்வு

குழந்தைகள் டீ ஷர்ட் ஒன்றின் கழுத்து 1 சென்டிமீட்டர் குறைந்துபோனது. அதற்குக் காரணம் தேடிப் போனபோதுதான் எங்கள் கம்பெனியின் பொது டிரைவை முதன்முதலாக நான் ஒழுங்காகப் பார்த்தேன்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் பையரிடம் பேசி ஆர்டரை நடத்திக்கொடுக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து, பிறகு ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வந்தவள் நான். கம்பெனியின் பெயர் வேண்டாம். எங்களிடம் சொந்தமாக இருந்தது கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் மட்டும். நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்துவது), பிரின்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க். இந்த ஊரில் துணி அப்படித்தான் நாலு இடம் சுற்றி வரும். துணி போகிற இடமெல்லாம் காகிதமும் கூடவே போகும். ஒரு ஸ்டைலுக்கு டெக் பேக் (பையர் தரும் தயாரிப்பு விவரத் தொகுப்பு), அளவு சார்ட், லேப் டிப் (சாயப்பட்டறை அனுப்பும் மாதிரித் துணித் துண்டு) அப்ரூவல், பிரின்ட் அப்ரூவல், சாம்பிள் கமெண்ட், டெஸ்ட் ரிப்போர்ட், டிசி (துணியோடு வரும் டெலிவரி சலான்), இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், பேக்கிங் லிஸ்ட் என்று சேர்ந்துகொண்டே போகும். இவ்வளவையும் கூகுள் டிரைவில் போட்டு வைத்திருந்தோம். போட்டு வைத்திருந்தோம் என்பதோடு சரி.

நடந்தது

குழந்தை உடுப்பில் கழுத்து அளவு தனிக் கவனம் வேண்டிய இடம். பெரியவர்கள் சட்டை போல எப்படியாவது தலையை நுழைத்துக்கொள்ள முடியாது. அதனால் கழுத்தை இழுத்துப் பிடித்தால் இத்தனை சென்டிமீட்டராவது விரிய வேண்டும் என்று பையர்கள் தனி அளவே கொடுப்பார்கள். இந்த ஸ்டைலில் உற்பத்திக்கு முன் அனுப்பும் பிபி சாம்பிளைப் பார்த்துவிட்டு, கழுத்தை 1 சென்டிமீட்டர் கூட்டச் சொல்லித் திருத்திய சார்ட்டை மெயிலில் அனுப்பினார்கள். மெர்ச்சண்டைசர் பெண் அன்று மாலையே அதை டிரைவில் ஏற்றிவிட்டாள்.

கட்டிங் நடந்தது பழைய சார்ட்டில்.

முதல் லைன் ஓடி, ரிப் என்ற கழுத்துப் பட்டி வைத்து, ஷோல்டர் அடித்து வந்த பீஸைக் குவாலிட்டி ஆள் டேப்பில் வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. லைனை நிறுத்தினோம். கழுத்து சிறிதாக இருந்ததால் ஒரு வழி மிச்சமிருந்தது. ரிப்பைப் பிரித்து, கழுத்தைத் திரும்ப வெட்டி, புது ரிப் வைத்துத் தைக்கலாம். அதைத்தான் செய்தோம். ராத்திரி ஷிப்ட் போட்டும் கப்பலுக்குப் பாதிதான் போனது. மீதியைக் கம்பெனி செலவில் ஏரில் அனுப்ப வேண்டியதாயிற்று. விமானச் செலவு என்றால் என்ன என்று ஏற்றுமதியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆர்டரின் லாபம் அங்கேயே கரைந்துவிட்டது.

கட்டிங் மாஸ்டருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். என்னைக் கூப்பிட்டு, மேசையில் டேப் ஒட்டி வைத்திருந்த சார்ட்டைக் காட்டினார். "ஏனுங்கம்மிணி, ஃபைனல்னு எழுதியிருக்குதுங்களே, அப்பறம் நான் வேற எதைப் பாக்கறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தாளின் மேலே "மெஷர்மென்ட் ஃபைனல்" என்றுதான் இருந்தது.

தேடிப் பார்த்தது

இரண்டு நாள் உட்கார்ந்து அந்த ஒரு ஸ்டைலின் கோப்புகளை மட்டும் துருவினேன். அளவு சார்ட் என்ற பெயரில் ஏழு கோப்புகள் இருந்தன. ஃபைனல், ஃபைனல் 2, நியூ ஃபைனல், பையர் அப்ரூவ்டு, இன்னும் இரண்டு மூன்று. சரியான சார்ட்டின் பெயர் "நியூ ஃபைனல்". அது மெர்ச்சண்டைசிங் ஃபோல்டரில் இருந்தது. பேட்டர்ன் ரூமுக்கென்று தனி ஃபோல்டர் உண்டு. அவர்கள் பார்த்தது அதை. அதில் இருந்ததோ "ஃபைனல்". ஏற்றிய பெண் ஏற்ற வேண்டிய நேரத்தில் ஏற்றியிருக்கிறாள். பேட்டர்ன் மாஸ்டர் பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்திருக்கிறார். யாரையும் குறை சொல்ல முடியாத தப்பு இது. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. ஆளைத் திட்டி முடித்திருந்தால் அடுத்த சீசனில் இன்னொரு ஸ்டைலில் இதே மாதிரி வந்திருக்கும்.

இன்னொன்றும் அப்போது தெரியவந்தது. பல ஃபோல்டர்களின் உரிமை, வேலையை விட்டுப்போன ஒருவருடைய கணக்கில் இருந்தது. கூகுள் டிரைவில் தனிக் கணக்கில் உருவாக்கிய கோப்பு அந்தக் கணக்குக்கே சொந்தம். கணக்கை மூடும்போது கோப்புகளை வேறொருவர் பெயருக்கு மாற்றாமல் விட்டால் கோப்பும் சேர்ந்து போய்விடும். மாதச் செலவைக் குறைப்பதற்காக யாராவது அந்தக் கணக்கை அழித்திருந்தால் மூன்று வருஷத்து டெஸ்ட் ரிப்போர்ட்டுகள் போயிருக்கும். நல்ல வேளை, யாருக்கும் அது நினைவில் இல்லை. முதல் வேலையாக எல்லாவற்றையும் ஷேர்டு டிரைவ் என்ற அமைப்புக்கு மாற்றினோம். அதில் கோப்பு ஆளுக்குச் சொந்தமில்லை, குழுவுக்குச் சொந்தம். யார் வந்தாலும் போனாலும் கோப்பு அங்கேயே இருக்கும். ஒரு நாள் வேலைதான். இதைப் படிக்கிறவர்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

ஒரு வாரத்து நோட்டு

அடுத்து ஃபோல்டர்களை அழகாக அடுக்கத்தான் கை பரபரத்தது. ஆனால் அடுக்கினவர்கள் எல்லாருமே அவரவர் மனசுக்குச் சரியென்று பட்டபடிதான் அடுக்கியிருக்கிறார்கள். நானும் இன்னொரு விதமாக அடுக்கப்போகிறேன், அவ்வளவுதானே என்று தோன்றியது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒரு வாரம் முழுக்க யார் என்ன காகிதம் கேட்டாலும், நேரிலோ போனிலோ வாட்ஸ்அப்பிலோ, அவர்கள் கேட்ட வார்த்தை மாறாமல் அதில் எழுதினேன்.

"அந்த யானை போட்ட பீஸுக்கு பிரின்ட் அப்ரூவல் வந்துருச்சுங்களா?"

"போன தடவை இதே நேவி எந்த டையிங்ல போட்டோம்?"

"அந்த ஜெர்மன்காரனுக்குப் போன கோடுபோட்ட டீ ஷர்ட், அதுக்கு துணி எத்தனை ஜிஎஸ்எம்?"

"ஆடிட்டர் வந்துட்டாருங்க, ஃபயர் சர்டிஃபிகேட் எங்கீங்க இருக்குது?"

வாரம் முடியும்போது பதினொரு பக்கம் நிறைந்திருந்தது. அதில் ஒருவர்கூட பிஓ (பையரின் பர்ச்சேஸ் ஆர்டர்) எண்ணைச் சொல்லிக் கேட்கவில்லை. எங்கள் டிரைவோ வருஷம், சீசன், பையர், பிஓ எண், ஸ்டைல் என்று ஐந்து படி இறங்கிப் போகும்படி கட்டப்பட்டிருந்தது. பிஓ எண் தெரியாவிட்டால் நாலாவது படியிலேயே நின்றுவிட வேண்டும். யானை என்று தேடினால் ஒன்றும் வராது. அதனால்தான் எல்லாரும் டிரைவைத் திறக்காமல் எனக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். சோம்பேறித்தனம் என்று நானே முன்பு நினைத்ததுண்டு. அது தப்பு. அவர்கள் பேசுகிற வார்த்தை எதுவும் அந்த டிரைவுக்குள் இல்லை.

ஒரே காகிதத்தைப் பலர் பல பக்கத்திலிருந்து தேடுவார்கள் என்பது புதிய பிரச்சனையும் அல்ல. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-ல் கொண்டுவந்த கோலன் பகுப்பு முறையின் அடிப்படையே இதுதான். ஒரு நூலை ஒற்றைப் பெட்டியில் அடைக்காமல் பொருள், செயல், இடம், காலம் என்று அதன் பல முகங்களையும் குறித்து வைப்பது. 1989-ல் வந்து அலுவலகங்களில் பரவிய லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளும், ஆவணத்தை ஒரு முறை உள்ளே வைத்துவிட்டு வாடிக்கையாளர் வாரியாக, தேதி வாரியாக, பொறுப்பாளர் வாரியாக வேண்டியபடி வரிசை மாற்றிக் காட்டியது. ஃபோல்டரால் இது முடியாது. 2020-லிருந்து கூகுள் டிரைவில் புதிதாக ஒரு கோப்பை இரண்டு ஃபோல்டர்களில் வைக்கவும் வழியில்லை. ஓர் இடத்தில் கோப்பு, மற்ற இடத்தில் ஷார்ட்கட்தான்.

பதிவேடு

ஆகவே ஃபோல்டர்களை அப்படியே விட்டுவிட்டு, அவற்றுக்கு முன்னால் ஒரு பதிவேடு வைத்தோம். கூகுள் ஷீட்தான், பெரிய மென்பொருள் எதுவும் இல்லை. ஒரு ஸ்டைலுக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் பீஸின் சின்னப் படம். அடுத்தது கூப்பிடு பெயர். அதில் யானை, எலிபன்ட், கோடு, ஸ்ட்ரைப் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் வாயில் வருவதையெல்லாம் எழுதச் சொன்னேன். அப்புறம் பையர், துணி, கலர், எந்த நிட்டிங், எந்த டையிங், எந்த பிரின்டிங். அதற்குப் பிறகு ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு லிங்க். ஃபில்டர் வியூ போட்டுக்கொண்டால் டையிங் பார்க்கிறவருக்கு டையிங் வாரியாகவும் அக்கவுன்ட்ஸ்காரருக்கு பையர் வாரியாகவும் தெரியும். ஒருவர் வரிசையை மாற்றினால் இன்னொருவர் திரை கலையாது.

கோப்புப் பெயரில் "ஃபைனல்" என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். ஸ்டைல் எண், காகிதத்தின் வகை, தேதி, அவ்வளவுதான். தேதியில் வருஷம் முன்னால், பிறகு மாதம், பிறகு நாள். 1988-ல் வந்த ஐஎஸ்ஓ 8601 தரம் சொல்வதும் இந்த வரிசையைத்தான். 14-08 என்று நாளை முன்னால் போட்டால் ஜனவரியும் டிசம்பரும் கலந்து நிற்கும். வருஷம் முன்னால் இருந்தால் கம்ப்யூட்டர் அகரவரிசையில் அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும்.

அளவு சார்ட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு ஏற்பாடு. திருத்தம் வந்தால் புதுக் கோப்பாக ஏற்றக் கூடாது. அதே கோப்பின் மேலேயே புதுப் பதிப்பாக ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் லிங்க் மாறாது. லிங்க் மாறாததால் அதற்கு ஒரு க்யூஆர் எடுத்து, கட்டிங் மேசைக்குப் போகும் அச்சுத்தாளின் மூலையில் போட்டோம். தாள் பழசாகிப் போனாலும் க்யூஆர் இன்றைய சார்ட்டைத்தான் திறக்கும்.

இதில் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிடிஎஃப் போன்ற கோப்புகளுக்குக் கூகுள் டிரைவ் பழைய பதிப்புகளை 30 நாளோ 100 பதிப்போ வரைதான் வைத்திருக்கும். "எப்போதும் வைத்திரு" என்று குறித்தால்தான் அதற்கு மேல் நிற்கும். ஆறு மாதம் கழித்து பையர் தகராறு செய்தால் அவர் முதலில் அனுப்பிய சார்ட்டும் நம் கையில் வேண்டுமே. அதனால் புதுப் பதிப்பை ஏற்றுவதற்கு முன் பழையதின் நகல் ஒன்றைப் "பழசு" என்ற ஃபோல்டரில் போட்டுவிடுகிறோம். அந்த ஃபோல்டர் மெர்ச்சண்டைசிங் ஆட்களுக்கு மட்டும் தெரியும். ஃப்ளோரில் இருப்பவர்கள் கண்ணில் அது படவே படாது. சார்ட்டை மாற்றும் உரிமை இரண்டு பேருக்கு, மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும்.

மாஸ்டர் ஒத்துக்கொள்வாரா என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. முதல் நாள் நானே தாளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். துணியை அடுக்கி லே போட்டு, மேலே வெட்டுக்கோடுகள் உள்ள மார்க்கர் பேப்பர் விரித்து, மெஷினை எடுக்கப்போன நேரம். இடது கையில் மாட்டியிருந்த இரும்பு வலைக் கையுறையைக் கழற்றி வைத்தார். கையை லுங்கியில் துடைத்துவிட்டு, கண்ணாடி விரிசல்விட்ட போனை எடுத்து மூலையில் காட்டினார். சார்ட் திறந்தது. தாளில் உள்ள தேதியையும் போனில் உள்ள தேதியையும் விரல் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாட்டத்தானுங்க இருக்குது" என்றார். அப்புறம் கையுறையை மாட்டினார். அவர் இப்போதும் ஒவ்வொரு லேயிலும் அந்த இரண்டு தேதிகளையும் பார்த்துவிட்டுத்தான் கத்தியை வைக்கிறார். அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

நேவி புளூ

இதுவரை சொன்னது தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. எனக்கு உண்மையில் சந்தோஷம் கொடுத்தது அதற்கு அப்புறம் வந்தது.

பதிவேட்டில் "குறிப்பு" என்று ஒரு கட்டம் சும்மா விட்டிருந்தேன். அதில் முதலில் எழுத ஆரம்பித்தவர் எங்கள் ஃபேப்ரிக் மேனேஜர். லேப் டிப் பார்க்கிறவர். சாயப்பட்டறை அனுப்பும் சின்னத் துணித் துண்டுகளை லைட் பாக்ஸுக்குள் வைத்து டி65 என்ற பகல் வெளிச்சத்திலும், ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்கைப் போன்ற டிஎல்84 வெளிச்சத்திலும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். சில நேவி பகல் வெளிச்சத்தில் பையர் கொடுத்த துண்டோடு அச்சாக ஒத்துப்போகும். கடை வெளிச்சத்தில் சிவப்படித்துவிடும். அந்தத் தகவல் அதுவரை அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. ஒரு நாள் பதிவேட்டில் எழுதினார்: "இந்த நேவி, இரண்டாவது லேப் டிப்பில் டிஎல்84-ல் சிவப்பு. மூன்றாவதில் சரியானது. அடுத்த தடவை முதலிலேயே சொல்லிவிடவும்."

அடுத்த சீசனில் அதே பையர், அதே நேவி. மெர்ச்சண்டைசர் கலரைத் தேடினாள், குறிப்பு வந்தது. டையிங்குக்குப் போன் செய்து மூன்றாவது லேப் டிப்பின் எண்ணைச் சொல்லி அதிலிருந்தே ஆரம்பிக்கச் சொன்னாள். முதல் துண்டே அப்ரூவ் ஆனது. சாயம் தொடங்கும் முன் இரண்டு முறை துண்டு போய் வருகிற நாள் மிச்சம். கப்பல் தேதியை எண்ணிக்கொண்டு ஓடுகிற வேலையில் அந்த நாட்களின் அருமை தெரியும்.

அதன் பிறகு குறிப்பு எழுதுவது பரவியது. எந்த காம்பாக்டிங்கில் போட்டால் நீளவாட்டில் சுருக்கம் கூடுகிறது, எந்தத் துணிக்கு கன்சம்ப்ஷன் கணக்கில் போட்டதைவிட அதிகம் பிடித்தது, எந்த பிரின்ட் துவைத்த பிறகு வெடித்தது என்று ஒவ்வொருவராக எழுதினார்கள். காஸ்டிங் போடுகிறவர் புது ஆர்டருக்கு விலை சொல்வதற்கு முன் இந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறார். அதுவரை நாங்கள் காகிதம் கொட்டி வைக்கும் கிடங்காகத்தான் டிரைவை வைத்திருந்தோம். பத்து வருஷம் வேலை பார்த்தவருடைய அனுபவத்தை, நேற்று சேர்ந்த பெண் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும் என்பதை அந்த நேவியில்தான் கண்டேன்.

ஆடிட் காகிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாருக்கும் நினைவிருக்கும். கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறிய பட்டறைகள்தான் திரும்ப ஓடின. எங்களுடைய சொந்தக் காகிதம் மட்டுமல்லாமல், எந்த டையிங்கில் போட்டோம், அவர்களுடைய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி எங்கே என்பதும் ஆடிட்டில் வரும். துணியில் தீங்கான ரசாயனம் இல்லை என்று காட்டும் ஓகோ-டெக்ஸ் சான்றிதழுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் சான்றிதழையும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் தனி ஷீட் ஒன்று, காலாவதி தேதி வரிசையில். 60 நாளுக்கு முன்னால் காலண்டரில் நினைவூட்டல். ஆடிட்டர் வந்து உட்கார்ந்த பிறகு ஃபைலைத் தேடி ஓடுவது நின்றுவிட்டது.

சரிப்படாமல் போனவை

ஆரம்பத்தில் நான் முப்பதுக்கும் மேல் வகைச்சொற்கள் உண்டாக்கி, ஒவ்வொரு கோப்புக்கும் அவற்றைக் குறிக்கச் சொன்னேன். இரண்டு வாரம் நடந்தது. மூன்றாவது வாரம் எல்லாரும் முதல் சொல்லையே எல்லாவற்றுக்கும் போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கூரியர் போகிற அவசரத்தில் இருப்பவரிடம் முப்பது சொல்லில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது என் தப்பு. நோட்டில் யாரும் கேட்காத எதையும் பதிவேட்டில் கேட்கக் கூடாது என்று பிறகு வைத்துக்கொண்டேன்.

பழைய கோப்புகள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தப் பார்த்ததும் அப்படித்தான். ஒரு மாதம் முயன்றுவிட்டுக் கைவிட்டேன். இப்போது யாராவது பழைய காகிதம் ஒன்றைக் கேட்டால், எடுத்துக் கொடுக்கும்போதே அதைப் பதிவேட்டில் சேர்த்துவிடுகிறோம். கேட்கப்படாதவை கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. அதனால் இதுவரை ஒரு நஷ்டமும் இல்லை.

ஸ்கேன் செய்த பக்கத்தில் உள்ள அச்செழுத்தை டிரைவே படித்துத் தேடித் தரும் என்பது பெரிய உதவி. டெஸ்ட் ரிப்போர்ட் எண்ணைப் போட்டால் பிடிஎஃப் வந்துவிடும். டையிங்கிலிருந்து வரும் கையெழுத்து டிசிக்கு அது உதவவில்லை. லாட் எண்ணையும் எடையையும் ஒரு பெண் கையால்தான் ஏற்றுகிறாள்.

இப்போது உள்ள நிலை

ஆறு மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு வாரம் நோட்டு எழுதினேன். நாலு பக்கம் வந்தது. அவற்றில் "எங்கே இருக்குது" என்ற கேள்விகள் குறைவு. "போன தடவை ஏன் டையிங்கை மாத்தினோம்?", "இந்த ரிப்புக்கு ஏன் லைக்ரா போட்டாங்க?" என்பது போன்றவைதான் அதிகம். இவற்றுக்குப் பதிவேட்டில் இன்னும் பதில் இல்லை. கேட்டவருக்குப் பதில் சொல்கிறவரே அதைக் குறிப்பில் எழுதிவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். பாதிப் பேர் எழுதுகிறார்கள்.

வாட்ஸ்அப் இன்னும் முழுதாக வழிக்கு வரவில்லை. பையரின் ஆள் இரவு பத்து மணிக்கு ஒரு போட்டோவின் கீழே "ஓகே" என்று போட்டால் அதுதான் அப்ரூவல். மறுநாள் காலை அந்தத் திரையைப் படமெடுத்து பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் பிரின்டிங்குக்குத் துணி போகும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன பிறகு இது நடக்கிறது. நான் சொன்னபோது நடக்கவில்லை.

அடுத்ததாக பிரின்டிங் யூனிட்டுக்கும் எங்கள் பதிவேட்டைக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். முதலாளி தயங்குகிறார். ஒரு பையரின் டிசைன் இன்னொருவர் கண்ணில் பட்டால் ஆர்டரே போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அவர்களிடம் ஓடுகிற ஸ்டைல்களின் வரிகள் மட்டும் தெரியும்படி தனி ஷீட் ஒன்று தயார் செய்திருக்கிறேன், விலையும் பையர் பெயரும் இல்லாமல். யானை திரும்பவும் ரிப்பீட் ஆர்டராக வந்திருக்கிறது. அதை வைத்தே முதலில் முயன்று பார்க்கலாம் என்று திங்கட்கிழமை மீட்டிங்கில் கேட்கப்போகிறேன்.